யானை வராத ஏரி

தேக்கடி என்றதும் நம்மவர் மனத்தில் எழும் படம் ஒன்றே. நீரோரம் நிற்கும் யானைக் கூட்டம்; அதன் எதிரே, கைக்கெட்டும் தொலைவில் மிதந்து செல்லும் படகு. நாட்காட்டிகளிலும் விடுதிச் சுவர்களிலும் கண்டு பழகிய அந்தக் காட்சியை, கட்டணம் செலுத்திய எவருக்கும் கிடைத்தே தீரவேண்டிய பொருளாகப் பலரும் கருதிவிடுகின்றனர். சென்ற அரையாண்டு விடுமுறையில் நாங்கள் எட்டுப் பேர் அங்குச் சென்றிருந்தோம். எழுபதைக் கடந்த என் மாமியாரும், நான்கு வயது நிரம்பாத மதினியின் மகளும் அவர்களில் அடக்கம்.

பிள்ளைகள் யானைக்காக வந்தனர். மாமியார் வந்ததோ தண்ணீரைக் காண்பதற்காக. உத்தமபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட நாள் முதல் அவர் கண்ட நெல்லெல்லாம் பெரியாற்று நீரில் விளைந்தது. வீட்டுக்கு வீடு பென்னிகுவிக் துரையின் பெயரை நன்றியோடு சொல்லும் ஊர்ப்பக்கம் எங்களுடையது. ஆயினும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள அந்த ஏரியை அவர் ஒருமுறையேனும் பார்த்ததில்லை. அடுப்படியை விட்டு நகர முடியாத பெண்களின் கதை நம் சகோதரிகளுக்கு நான் விளக்கித் தெரியவேண்டியதன்று.

காட்டுக்குள் நுழைய ஒரு சீட்டு, படகுக்கு ஒரு சீட்டு. இரண்டுக்கும் நீண்ட வரிசை. துறையில் காத்திருந்த நேரத்தில் குரங்கொன்று மதினியின் பையிலிருந்த வாழைப்பழங்களைச் சீப்போடு கவர்ந்து சென்றது. அன்று நாங்கள் மிக அருகில் கண்ட வனவிலங்கு அதுதான்.

படகில் ஏறியதும் மிதவை அங்கிகளை அணியச் சொன்னார்கள். முறையான ஏற்பாடுதான். ஆனால் சிறுமிக்குத் தந்தது பெரியவர்களுக்கான அங்கி. அதை மாட்டியபோது அவளுடைய முகம் உள்ளே மறைந்து, நெற்றி மட்டும் வெளியே தெரிந்தது. கீழ்ப்புற வாரைக் கட்டினாலும், கைகளை உயர்த்தினால் அங்கி தலைவழியே கழன்றுவிடும். சிறிய அளவில் வேறு உண்டா என்று என் கணவர் கேட்டார். "மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார் பணியாளர். அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி, பயண துஆவை மாமியார் உரக்க ஓத, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். படகு புறப்பட்டது. இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி மேல்தளத்தில் ஒரு குழுவினர் கைபேசியில் பாட்டு வைத்திருந்தனர். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே எந்த மானாவது கரையில் நின்று நம்மை வேடிக்கை பார்க்குமா? மேலும், மழை ஓய்ந்து ஓடைகளிலும் பள்ளங்களிலும் நீர் நிறைந்திருக்கும் மார்கழியில், தண்ணீர் தேடி விலங்குகள் ஏரிக்கு வரவேண்டிய தேவையில்லை. கோடையில், அதுவும் விடியற்காலைச் சவாரியில்தான் வாய்ப்பு அதிகம். சீட்டு விற்கும் இடத்தில் இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் எவ்வளவு பேருடைய மனக்கசப்புத் தீரும்! எழுதினால் கூட்டம் குறையும் என்பதும் உண்மையே.

அரைமணி நேரம் சென்றது. தொலைவில் புல்வெளியில் சில காட்டுப் பன்றிகள், அவ்வளவே. சலிப்பு முணுமுணுப்பாயிற்று; கொடுத்த பணத்தின் கணக்கு எல்லார் வாயிலும் கேட்டது. அந்த வேளையில் முன்பக்கத்திலிருந்து ஒருவர் "யானை! யானை!" என்று கூவினார். இருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து இடப்புறம் பாய்ந்தார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்ததை உட்கார்ந்திருந்த நாங்கள் உடலால் உணர்ந்தோம். மாமியாரின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. மதினி மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கலிமாச் சொல்லத் தொடங்கிவிட்டார். பணியாளர்கள் அதட்டி அமர வைத்த பின்னரே படகு நிலைக்கு வந்தது. யானை என்று கூவப்பட்டது கரையில் கிடந்த ஒரு கரும்பாறை. சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. என் கணவர் சிரிக்கவில்லை.

இதே ஏரியில், 2009 செப்டம்பர் 30 அன்று மாலை, 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களில் இருந்தனர். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதால் படகு சாய்ந்தது என்று அப்போது செய்திகள் கூறின. மேல்தளத்தில் ஆட்கள் எழுந்து நின்றாலே படகின் பாரம் உயர்ந்துவிடுகிறது. அவர்கள் ஒருபுறம் குவிந்தால் அது நிமிர்வதற்கு இடமேது? பிறகு 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், இருட்டிய வேளையில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. குழந்தைகள் பலர், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் 11 பேர். அந்த ஜனாஸாக்களை வரிசையாகக் கிடத்தித் தொழுத செய்தியை நம் வீடுகளில் படித்து அழாதவர் யார்? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கழன்று விழும் அங்கியை மாட்டிவிடுவது கட்டுவது ஆகுமா?

திரும்பும் வழியில் மாமியார் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியெங்கும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்களைக் காட்டி, "இதுகளை ஏன் வெட்டாம விட்டுட்டாங்க?" என்று கேட்டார். படகில் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கி இருந்தது, "உட்காருங்கள்" என்பதைத் தவிர அது வேறொன்றும் பேசவில்லை. என் கணவர்தான் எடுத்துரைத்தார்: 1895-இல் அணை கட்டி முடிந்து பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியபோது, அங்கே நின்ற காட்டின் மரங்கள் இவை; மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆறு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, நம் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்ந்து இராமநாதபுரம் வரை போகிறது. நூற்றாண்டைக் கடந்தும் நிற்கும் அந்த மரக்கட்டைகளின்மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. "நம்ம வயலுக்காக ஒரு காடே முங்கியிருக்கு" என்றார் மாமியார். அதன்பின் யானையைப் பற்றி அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், குமுளி வந்து சேரும்வரை.

ஊர் திரும்பிய மறுநாள், சிறுவர் அளவில் மிதவை அங்கிகள் வேண்டும் என்றும், படகு நகரும் முன்பு எழுந்து நிற்கக் கூடாது என்பதைத் தமிழிலும் சொல்லவேண்டும் என்றும் என் கணவர் உரியவர்களுக்குப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பினார். பெற்றுக்கொண்டதற்கான கையொப்ப அட்டை வந்து சேர்ந்தது. பதில் இன்னும் வரவில்லை.