கட்டுச்சோறும் கால்நடையும்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒருவிதமான சலசலப்பு உண்டாகும். பரீட்சைக் காகிதங்கள் மலைபோல் குவியக் காத்திருக்கின்றன; வெயிலோ இன்னும் முழு உக்கிரத்தை அடையவில்லை. இந்தச் சந்தியில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் ஏழு பேர் தாமிரவருணிக் கரையோரமாக நடந்துவிட்டு வருவது பல வருஷ வழக்கம். இதற்குச் சங்கமென்று பெயர் கிடையாது. தலைவரும் காரியதரிசியும் சந்தாவும் கிடையாது. கணக்கு வாத்தியார் ஒரு சமயம் வரவு செலவுப் புஸ்தகம் வைக்க முயன்றார். முதற் பக்கத்தில் "கடலை மிட்டாய்" என்று ஒரே ஓர் இனம் எழுதியதோடு அந்தப் புஸ்தகம் முற்றுப்பெற்றது.

சட்டங்கள் மட்டும் சில உண்டு. அவரவர் கட்டுச்சோற்றை அவரவரே சுமக்க வேண்டும். செல்பேசி பையை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. ஊர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் எவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கடைசிச் சட்டத்திற்கு மட்டும் விலக்கே கிடையாது. மேலே கண்ணாடிபோல் கிடக்கும் ஆறு அடியில் என்ன குழியை வைத்திருக்கிறதென்று கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. விடுமுறை நாளில் ஆற்றுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஜில்லாவில் உண்டு.

ஆகையினால்தான், சென்ற பங்குனியில் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவிகள் எட்டுப் பேரையும் அழைத்துப் போகலாமென்று நாங்கள் தீர்மானித்தபோது, பெற்றோரின் சம்மதக் கடிதங்கள் வருவது பெரும்பாடாகிவிட்டது. வந்த கடிதங்களில் ஒன்று, "தண்ணீர்ப் பக்கம் மட்டும் விட வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டது. ஆற்றங்கரை யாத்திரைக்கு இப்படி ஒரு நிபந்தனை! தமிழாசிரியர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "சமையலறைக்கு அனுப்புகிறேன், நெருப்பைக் காட்டாதீர்கள் என்பதுபோல் இருக்கிறது" என்றார். அந்தக் கடிதத்தை எழுதிய அம்மாள், ஞாயிறு காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் தம் பெண்ணுடன் தாமும் ஒரு தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "நானும் வாரேன் சார்" என்றார். அவ்வளவுதான், மேற்கொண்டு விவாதமில்லை.

செங்கோட்டை மார்க்கத்தில் வீரவநல்லூரில் இறங்கினால் திருப்புடைமருதூர் சுமார் ஆறு கிலோமீட்டர். அந்தப் பக்கத்து வயல்களுக்குப் பாயும் கன்னடியன் கால்வாய் ஓர் அதிசயமான வாய்க்கால். ஒரு பசு நடந்த வழியே வெட்டப்பட்டது, அது படுத்த இடமெல்லாம் குளமாயிற்று என்பது கர்ணபரம்பரைக் கதை. அதன் வளைவு நெளிவுகளைப் பார்த்தால் பசுவே சர்வே செய்ததென்று நம்பத்தான் தோன்றும். பிசானச் சாகுபடி முடிந்து அறுவடையான வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் நிதானமாக நடைபோட்டுக் கொண்டிருந்தன. அவற்றின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடிக்க அது தோதாம். விஞ்ஞான ஆசிரியை இதைச் சொன்னபோது, வகுப்பில் கொட்டாவி விடும் பையன் ஒருவன் வரப்பில் மண்டியிட்டு அரைமணி நேரம் பார்த்தான்.

வழியில் ஒரு பாட்டி எங்களை நிறுத்தினாள். "நடந்தா போறிய? இப்பந்தானே பஸ்ஸு போச்சு!" வேண்டுமென்றேதான் நடக்கிறோம் என்று சொன்னோம். அவளுக்கு அது விளங்கவில்லை. "சாஸ்தாவுக்கு நேத்திக்கடனா?" என்று கேட்டாள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமாகிய சாஸ்தாவைத் தேடிக் குடும்பம் குடும்பமாகப் போவது எங்கள் சீமை வழக்கம். ஆமென்று தலையாட்டிவிட்டு நடந்தோம். முழுப் பொய்யென்று அதைச் சொல்ல மாட்டோம்.

திருப்புடைமருதூரில் கடனா நதி தாமிரவருணியோடு வந்து கலக்கிறது. கரையில் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ளே சுவர்ச் சித்திரங்களும் மரச் சிற்பங்களும் நிறைந்திருக்கின்றன. சுவாமி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார். வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க முடியாமல் அக்கரையிலிருந்து கூப்பிட்ட கருவூர்ச் சித்தரின் குரலுக்குச் செவி சாய்த்தார் என்பது ஐதீகம். கடைசி பெஞ்சுக் குரலுக்குச் செவி சாய்க்கும் வாத்தியார்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குள் ஒரு யோசனை ஓடியது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனால் பிள்ளைகளின் கண்கள் கோபுரத்தைவிட மரங்களின் மேல்தான் இருந்தன. ஓங்கி வளர்ந்த மருதமும் இலுப்பையும், கிளைக்குக் கிளை கூடுகள். கொக்கு, நீர்க்காகம், மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் குடித்தனம் நடத்துகின்றன. 2005-ஆம் வருஷம் பிப்ரவரியில், இந்தியாவிலேயே முதலாவது 'பாதுகாப்பு ஒதுக்கிடம்' என்று சர்க்கார் அறிவித்தது இந்தச் சிறு தோப்பைத்தான். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே ஊரார் இந்தப் பறவைகளைக் காத்து வந்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

ஆற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லையே! பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடல் சேரும்வரை சுமார் 128 கிலோமீட்டர், இந்த நதி தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. இதன் அழுக்குக்கு அடுத்த மாகாணத்தைக் குற்றம் சொல்ல நமக்கு வழியில்லை. பாபநாசத்தில் பாவம் தொலைக்க வருபவர்கள் பழந்துணிகளையும் ஆற்றிலேயே தொலைத்துவிட்டுப் போகிறார்கள். பாவத்தை நதி ஏற்றுக்கொள்ளலாம். பாலியெஸ்டரை அது என்ன செய்யும்?

சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நாங்கள் அந்த அம்மாளைப் பார்த்தோம். அவர் பேசாமல் எழுந்து, கீழே கிடந்த ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்த படித்துறைக்குப் போனார். சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, கம்பால் அடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தம் பெண்ணைக் கையைப் பிடித்து முதலில் இறக்கினார். நீரோட்டம் முழங்காலைத் தள்ளும்போது எப்படிக் காலை அகற்றி நிற்க வேண்டும், தண்ணீரின் நிறம் எங்கே கறுக்கிறது, அதற்கு அப்பால் ஏன் ஓரடியும் வைக்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். நாங்கள் உதவிக்கு இறங்கப் போனபோது, "நீங்க பாடத்தைச் சொல்லிக் குடுங்க சார், ஆத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் ஆத்தங்கரையில பிறந்தவதான். எங்க அண்ணன் இந்த ஆத்தோட போனவன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பையனின் கையைப் பிடித்தார்.

மாலை ரயிலில் அவருடைய பெண் ஈரப் பாவாடையோடு ஜன்னலோரம் தூங்கிப்போனாள். வண்டி நகர்ந்ததும் அந்த அம்மாள் விரலை நீட்டிப் பிள்ளைகளை எண்ணினார். எட்டும் சரியாக இருந்தன. பிறகு எங்களையும் ஒரு முறை எண்ணிக்கொண்டார்.