நல்லர்போர்: ஒரு தண்ணீர்க் கணக்கு

சைக்கிளில் தனியாக ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளியைக் கடக்கப் போகிறேன் என்று சொன்னதும் பெர்த் நண்பர்கள் எல்லோரும் பாம்பைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் கொலைகாரர்களைப் பற்றிக் கேட்டார். கமுதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனில் பேசிய அம்மா மட்டும், "தண்ணிக்கு என்னப்பா செய்வ?" என்றாள். ஊருணி வற்றிய கோடைகளில் இரண்டு மைல் நடந்து குடம் சுமந்தவள். அவளுக்குப் பாலைவனம் என்றால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க முடியும்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனால் ஒரு குயர் நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொண்டேன்: குழாயில் பிடித்த தண்ணீர், காசு கொடுத்து வாங்கிய தண்ணீர், யாராவது கொடுத்த தண்ணீர். மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும் என்று நினைத்தேன். தனிப் பயணம் என்றால் தனிப் பயணம்தானே!

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் ஊரிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் செடுனா வரை ஏர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, சில அறைகள் எல்லாம் சேர்ந்த ரோடுஹவுஸ்கள்தான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சில இடங்களில் 65 கிலோமீட்டர், சில இடங்களில் 190. காரில் போகிறவருக்கு அது இரண்டு மணி நேரம். எனக்கு இரண்டு பகல், ஒரு இரவு.

நல்லர்போர் என்றால் லத்தீனில் 'மரமே இல்லை' என்று பொருள். உண்மையில் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வழி நெடுக மரம் பார்ப்பார்கள், குட்டையான யூகலிப்டஸ்கள். மரமே இல்லாத அசல் சமவெளியைச் சாலை கொஞ்ச தூரம்தான் தொட்டுச் செல்கிறது. வடக்கே ஓடும் ரயில் பாதைதான் அதன் நடுவே போகிறது, 478 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாமல். ஆனால் மரம் இருக்கிறதே, தண்ணீர் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே சுண்ணாம்புப் பாறை அது, ஒரு காலத்தில் கடலடித் தரை. மழை பெய்யாமல் இல்லை. பெய்தது மேலே நிற்பதில்லை; விரிசல் வழியே இறங்கிக் குகைகளுக்குப் போய்விடுகிறது. ஆறு இல்லை, ஓடை இல்லை, கண்மாய்க்கு வழியே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினேன். சைக்கிள் 16 கிலோ, பக்கப் பைகளும் கூடாரமும் அடுப்பும் 25 கிலோ, தண்ணீர் 14 லிட்டர். ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க 7 லிட்டர் என்று திட்டம். குளியல் கணக்கில் இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே போனதற்குக் காரணம் காற்று. குளிர்காலத்தில் பெரும்பாலும் அது மேற்கிலிருந்து வீசும், முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல. முதல் மூன்று நாள் அப்படித்தான் தள்ளியது. பலடோனியா ரோடுஹவுஸுக்குத் திட்டமிட்டதற்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். 1979இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து இந்தப் பக்கம்தான் விழுந்தது. குப்பை போட்டதாக எஸ்பெரன்ஸ் வட்டார நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்ததாம். இந்த வெற்று நிலத்தில் வானத்திலிருந்து குப்பை விழுந்தாலும் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

பலடோனியா தாண்டியதும் வருவது புகழ்பெற்ற நேர்சாலை, 146.6 கிலோமீட்டர். சைக்கிள் ஓட்டாதவர்கள் இதை அலுப்பு என்பார்கள். அலுப்பு பெரிய விஷயமில்லை. நான்காம் நாள் காலையில் காற்று கிழக்கே திரும்பிக்கொண்டதுதான் விஷயம். மலையேற்றத்துக்கு ஒரு முடிவு உண்டு, ஏறினால் இறங்கலாம். எதிர்க்காற்றுக்கு உச்சியும் கிடையாது, இறக்கமும் கிடையாது. சமதரையில் முதல் கியரில் மணிக்கு 9 கிலோமீட்டர். எதிரே வரும் ரோடு ட்ரெயின், அதாவது இரண்டு மூன்று பெட்டி கோத்த 36 மீட்டர் லாரி, ஒரு காற்றுச் சுவரைத் தள்ளிக்கொண்டு வரும். மோதியதும் சைக்கிள் நின்றே போகும். பின்னால் வருகிறதைக் கண்ணாடியில் பார்த்தால் பேசாமல் மண்ணில் இறங்கிவிட வேண்டும். வீரம் காட்டும் இடமல்ல அது.

மண்ணில் இறங்கினால் பஞ்சர். வெடித்த லாரி டயர்களின் மெல்லிய கம்பிகள் சாலையோரம் முழுக்கக் கிடக்கின்றன. அதோடு டபுள்ஜீ என்கிற முள். முதலில் நம் ஊர் நெருஞ்சி என்று நினைத்தேன்; உறவே இல்லையாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கீரையாகச் சாப்பிடக் கொண்டுவந்தார்களாம். அந்தக் கீரைக்கு அன்று இரண்டு டியூப் கொடுத்தேன்.

இரவு சாலையிலிருந்து 200 மீட்டர் உள்ளே, சாம்பல் நிறப் புதர்களுக்கு நடுவே கூடாரம். வண்டி விளக்கு எட்டாத தூரம். அதுதான் தனியாகப் படுப்பவரின் முதல் விதி. பாறையில் முளை இறங்காது என்பதால் நான்கு மூலைக்கும் கல்லைக் கட்டினேன். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு வேகவைத்து ஊறுகாயோடு சாப்பிட்டேன். தட்டைக் கழுவவில்லை, மண்ணைப் போட்டுத் தேய்த்துத் துடைத்தேன். இரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டிய தூரம். பலடோனியாவை விட்ட மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது கையில் அரை லிட்டர், முன்னால் 50 கிலோமீட்டர், காற்று அதே திசை. கூடாரத் துணியில் பனி படிந்திருந்தது. துண்டால் ஒற்றிப் பிழிந்தேன். கால் டம்ளர் வந்தது, சோப்பு வாசனையோடு.

இந்தச் சாலைக்குப் பெயர் தந்த எட்வர்ட் ஜான் ஏர் 1841இல் இதற்குத் தெற்கே கடற்கரையோரமாக நடந்தபோது இதையேதான் செய்தார், இலைப் பனியை ஸ்பாஞ்சால் ஒற்றி. அவர் பெயரைச் சாலைக்கு வைத்தார்கள், சரி. ஆனால் மணல்மேடுகளில் எங்கே தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று காட்டியவர்கள் அங்கேயே வாழ்ந்த பழங்குடிகள். கடைசிவரை கூடவே நடந்தவர் வைலி என்ற நூங்கர் இளைஞர். போதாததற்கு நடுவில் ஒரு திமிங்கிலக் கப்பல் இருவரையும் ஏற்றி இரண்டு வாரம் சோறு போட்டது. சைக்கிளில் முதலில் இதைக் கடந்த ஆர்தர் ரிச்சர்ட்சன் 1896 நவம்பரில், நல்ல வெயிலில், ஒரு தண்ணீர்ப் பையோடு கூல்கார்டியிலிருந்து கிளம்பி 31 நாளில் அடிலெய்டு போய்ச் சேர்ந்தார். தார்ச்சாலை இல்லாத காலம். தந்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார். கம்பி இருந்தால் தந்தி நிலையம் இருக்கும், நிலையத்தில் ஆள் இருக்கும், ஆள் இருந்தால் தண்ணீர் இருக்கும்.

எனக்குக் கம்பி இல்லை. ஆனால் இந்தச் சாலையில் சைக்கிள்காரர்களுக்கு ஒரு சைகை உண்டு: காலி பாட்டிலைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டுவது. முந்தின நாளே காட்டியிருக்கலாம். கூச்சம். நாற்பத்தேழு வயதில், சம்பளம் வாங்குகிறவன், நடுரோட்டில் நின்று தண்ணீர் கேட்பதா என்ற நினைப்பு. அன்று காலை ஒன்பது மணிக்குக் கூச்சம் போய்விட்டது. முதல் கார் ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதாக வந்த கேரவன் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. ஓய்வு பெற்றபின் வீட்டைப் பூட்டிவிட்டு நாடு சுற்றும் வயதான தம்பதி. அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் நான்கு பாட்டிலையும் நிரப்பினார். பெரியவர் என் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "காற்று நாளை மறுநாள் திரும்பும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "திரும்பலாம்" என்று திருத்திக்கொண்டார். கையில் ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தார்கள். நோட்டின் மூன்றாவது பத்தியில் முதல் வரி: 4 லிட்டர்.

காற்று திரும்பியது. அதன் பிறகு பயணம் லேசாகிவிட்டது. கைகுனா ரோடுஹவுஸிலிருந்து கடிகாரத்தை முக்கால் மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். இந்தியாவின் அரை மணிக் கணக்கில் வளர்ந்த எனக்கே அது வினோதம். நெடுஞ்சாலையில் சில இடங்களில் விமான ஓடுபாதைக் கோடுகள் வரைந்திருந்தன; பறக்கும் மருத்துவர்களின் விமானம் அவசரத்துக்கு அங்கேயே இறங்குமாம். யூக்லாவில் 1877இல் திறந்த தந்தி நிலையம் மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. முயல்கள் பெருகிச் செடிகளைத் தின்று தீர்க்க, பிடிப்பற்ற மணல் நகர்ந்து வந்து மூடிவிட்டது. ரிச்சர்ட்சன் நம்பி வந்த கம்பியின் நிலையம் அது. அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்குக் கிழக்கே, சமவெளி திடீரென்று முறிந்து கடலில் விழும் செங்குத்துப் பாறைகள். ஹெட் ஆஃப் பைட் என்ற இடத்தில் குட்டியோடு திமிங்கிலங்கள். படம் எடுத்தேன். கறுப்புப் புள்ளிகளாக வந்திருக்கின்றன.

ஒரு ரோடுஹவுஸில் குழாய்த் தண்ணீர் தர மறுத்தார்கள். பாட்டில் வாங்கிக்கொள் என்றார்கள். அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், உப்பு நீரை டீசல் செலவழித்து நல்ல நீராக்குகிறவர்கள். வருகிறவனுக்கெல்லாம் பத்து லிட்டர் பிடித்துக் கொடுத்தால் கட்டுமா? ஆனால் அவர்களும் சிரித்த முகமாக மறுத்திருக்கலாம்.

பதினான்காம் நாள் செடுனா. மேற்கிலிருந்து பழ ஈ வராமல் தடுக்க அங்கே சோதனைச் சாவடி. எலுமிச்சம்பழத்தைத் தொட்டியில் போடச் சொன்னார்கள். ஊறுகாயை விட்டுவிட்டார்கள்.

கடற்கரையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். பாறையைப் பற்றியும் திமிங்கிலத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் குறுக்கே மறித்து, "தண்ணி யாரும் குடுத்தாகளா?" என்றாள். கொடுத்தார்கள் என்றேன். "எம்புட்டு?" நோட்டை எடுத்து மூன்றாவது பத்தியைக் கூட்டினேன். ஆறு வண்டிகள், 22 லிட்டர். லிட்டர் அவளுக்குப் புரியாது. ஒன்றரைக் குடம் என்று சொன்னேன்.