மகாமகப் படங்களுக்குப் பெயர் எழுதுகிறவர்கள்

கும்பகோணத்தில் பழைய ஸ்டூடியோ ஒன்றின் மாடி அறை. ஃபிலிம் கழுவிய காலத்தில் அது இருட்டறை. இப்போது ஜன்னலைத் திறந்துவிட்டு மூன்று கணினிகளைப் போட்டிருக்கிறார்கள். அலமாரி நிறைய சிடிகள், டிவிடிகள், வெவ்வேறு காலத்து ஹார்ட் டிஸ்க்குகள். அப்பா தொடங்கிய தொழிலை மகன் நடத்துகிறார். டிஜிட்டல் கேமராவுக்கு மாறியதிலிருந்து எடுத்த கல்யாணம், காதுகுத்து, தேர், தெப்பம், கட்சி ஊர்வலம், பள்ளி ஆண்டு விழா எல்லாம் சேர்த்தால் லட்சக்கணக்கில் படங்கள் தேறும். அவற்றை ஒழுங்குபடுத்த இரண்டு பெண்களையும் ஓர் இளைஞரையும் வேலைக்கு வைத்திருக்கிறார். படம் எடுக்கும் கலையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எடுத்த படம் தேடினால் கிடைக்கும்படி வைக்கிற இந்தத் தொழிலைப் பார்க்கத்தான் நான் போனேன்.

இளைஞரின் வேலை சிடிகளை வாசிப்பது. 2004 மகாமகத்தின்போது மெமரி கார்டு விலை அதிகம். கார்டு நிறைந்ததும் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து படங்களைக் கணினியில் ஏற்றி, சிடியில் எழுதி, கார்டை அழித்துவிட்டு மறுபடி குளக்கரைக்கு ஓடுவார்களாம். ஒரு சிடியில் 700 எம்பிதான் கொள்ளும். அப்படி எழுதும் சிடியில் தகவல் பதிவது மெல்லிய சாயப் படலம் ஒன்றில். வெளிச்சமும் சூடும் ஈரமும் பட்டுப்பட்டு அந்தச் சாயம் கெட்டுப்போகும். அவர் ஒரு சிடியை விளிம்பில் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு நிறம் மாறியிருந்தது. “இதை இப்ப எடுத்தாத்தான் உண்டு சார். விட்டா போயிடும்” என்றார். சில சிடிகள் உடனே திறக்கின்றன. சிலவற்றை வேறு வேறு டிரைவில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. காப்பி எடுத்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் போடுகிறார். கோப்பிலுள்ள தகவலைக் கணக்கிட்டு வரும் நீண்ட குறியீடு அது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் குறியீடு மாறிவிடும். அடுத்த ஆண்டு மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால், படம் கெடாமல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகு பெயர் மாற்றுகிறார்கள். கேமரா தானாக வைக்கும் பெயரில் நான்கு இலக்க எண்தான் உண்டு. 9999 முடிந்தால் மறுபடி 0001. ஆகவே வெவ்வேறு ஆண்டில் எடுத்த இரண்டு படங்களுக்கு ஒரே பெயர் அமைந்துவிடும். கவனிக்காமல் ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்றை இன்னொன்று அழித்துவிடும். இவர்கள் வருடம், மாதம், நாள், நிகழ்ச்சி, எண் என்ற வரிசையில் பெயர் வைக்கிறார்கள். வருடம் முன்னால் வந்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். பழைய குறிப்புகளைப் படிப்பதில் இன்னொரு தொல்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் தட்டச்சு செய்தவை அவை. அன்றைய எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன. மாற்றி மென்பொருளில் போட்டு, வரிக்கு வரி சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

எக்ஸிஃப் என்று ஒவ்வொரு படத்துக்குள்ளும் நாள், நேரம், கேமரா வகை எல்லாம் பதிவாகியிருக்குமே, அது போதாதா என்று மூத்த பெண்மணியிடம் கேட்டேன். ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் அக்கா. “கேமரா கடிகாரம் சரியா இருந்தா போதும் சார். பேட்டரி செத்துச்சுன்னா அது தேதியை மறந்துடும்” என்று சொல்லி ஒரு படத்தைத் திறந்தார். குளக்கரை, கூட்டம், ரிஷப வாகனம். எக்ஸிஃப் சொன்ன நாள் 2000 ஜனவரி 1. அவர் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். பின்னால் சுவரில் பாதி கிழிந்த போஸ்டர். அதில் மகாமகம் 2004. தீர்த்தவாரி நடந்த நாள் மார்ச் 6. அதே கார்டில் இருந்த இன்னொரு படத்தில், கடைச் சுவர்க் கடிகாரம் மணி காட்டியது. ஒரு படத்தின் உண்மையான நாளும் நேரமும் பிடிபட்டால் போதும், கேமரா எவ்வளவு பின்தங்கியிருந்தது என்று கணக்கிட்டு, அந்தக் கார்டிலுள்ள எல்லாப் படங்களின் நேரத்தையும் மொத்தமாகத் திருத்திவிடலாம். அக்கா ஒரே கட்டளையில் அதைச் செய்தார்.

நாள் கிடைத்துவிட்டது, கோயில் எது? மகாமகத் தீர்த்தவாரிக்கு 12 சிவன் கோயில்களிலிருந்து சுவாமி வரும். அதற்காகவே ஒரு பெரியவரை வரவழைக்கிறார்கள். பல வருடம் சீர்பாதம் தாங்கியவர், அதாவது சுவாமியைத் தோளில் சுமந்தவர். தோள் தழும்பு இன்னும் மறையவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கி உட்கார்ந்தார். வாகனத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஆட்களின் முகத்தைப் பார்த்தார். “இது கும்பேஸ்வரன் கோயில் இல்லம்மா, நாகேஸ்வரன் கோயில் சாமி. முன்தண்டுல நிக்கிறான் பாரு, எங்க சித்தப்பா மவன்.” அக்கா தட்டச்சு செய்தார்: ஊர், கோயில், வாகனம், நாள், படத்தில் இருப்பவர். அதற்குக் கீழே “சொன்னவர்” என்று ஒரு கட்டம். அதில் பெரியவரின் பெயரும் அன்றைய தேதியும். பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டதற்குப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “தெரிஞ்ச மொகந்தான், பிடிபடலையே” என்றார். அக்கா அந்த இடத்தைக் காலியாக விட்டார். ஊகித்து எழுதுவதைவிட வெற்றிடம் மேல் என்பது அந்த அறையின் கண்டிப்பான விதி. மூன்று பேரிடமும் நான் மிகவும் மதித்தது இந்த நேர்மையைத்தான்.

மேசையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு. ஊர்ப் பெயர், விழாப் பெயர் ஒவ்வொன்றையும் எப்படி எழுதுவது என்ற முடிவுகள் அதில் இருக்கின்றன. ஒருவர் குடந்தை என்றும் இன்னொருவர் கும்பகோணம் என்றும் எழுதினால், தேடும்போது பாதிப் படம் வராது. வெறும் புதூர் என்று எழுதவே கூடாது. வட்டம், மாவட்டம் சேர வேண்டும்.

முகத்தை அடையாளம் காணும் மென்பொருளும் இருக்கிறது. ஒரே முகம் உள்ள படங்களை அது ஓரளவு சேர்த்துத் தருகிறது. யார் என்று சொல்ல மனிதர் வேண்டும். கல்யாணப் படங்களை இவர்கள் இணையத்தில் ஏற்றுவதில்லை. அவை அந்தந்தக் குடும்பத்துக்கு உரியவை. அந்தக் குடும்பத்தார் சேகரத்திலிருந்து நீக்கச் சொன்னால் நீக்கிவிடுகிறார்கள்.

நாள், இடம் குறித்த ஒரு படம் என்ன செய்யும் என்பதற்குக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமே சாட்சி இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை, ஆஸ்திரேலியாவின் கான்பெர்ரா தேசிய கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்து, குறிப்பெழுதி வைத்திருக்கிறது. அந்தச் சேகரத்தில் இருந்த படம், நடராஜர் ஸ்ரீபுரந்தானுக்கு உரியவர் என்று காட்ட உதவியது. 2014-இல் நடராஜர் இந்தியா திரும்பினார். எந்த ஊர்க் கோயில் என்று எழுதாமல் அந்தப் படம் கிடந்திருந்தால், சிலை தன்னுடையது என்று ஸ்ரீபுரந்தான் எதைக் காட்டிக் கேட்டிருக்கும்?

மென்பொருளையே முழுதாக நம்பக் கூடாது என்பதையும் இந்த ஸ்டூடியோ கற்றிருக்கிறது. பிகாசா என்ற பட மென்பொருளை கூகுள் 2016-இல் கைவிட்டது. கூகுள் போட்டோஸின் வரம்பில்லா இலவச இடமும் 2021 ஜூனில் முடிந்தது. அதனால் குறிப்புகளை மென்பொருளுக்குள் மட்டும் வைக்காமல், ஐபிடிசி முறைப்படி படக் கோப்புக்குள்ளேயே எழுதுகிறார்கள். படம் எங்கே போனாலும் குறிப்பு கூடப் போகும். ஆனால் அதை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும், தரமும் குறையும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். எல்லாக் கோப்புக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வெளியூரில். அந்த வெளியூர்ப் பிரதி உரிமையாளரின் தங்கை வீட்டு பீரோவில், திருச்சியில் இருக்கிறது.

இந்த வேலைக்குச் சம்பளம் குறைவு. படம் எடுத்தவர் பெயர் ஆல்பத்தில் இருக்கிறது, ஆல்பம் வடிவமைத்தவர் பெயரும் இருக்கிறது. பட்டியலிட்டவர் பெயர் எங்கும் இல்லை. அது தவறு. அக்காவின் குறிப்பு இல்லாவிட்டால் அந்த 2004 படம் 2000 ஜனவரி 1-இல் எடுத்த ஏதோ ஒரு கூட்டமாகத்தான் நிலைத்திருக்கும்.

அடுத்த மகாமகம் 2028-இல். அன்று ஒரே நாளில் கோடிக்கணக்கில் படங்கள் எடுக்கப்படும். அதற்கு முன், உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலும் செல்போனிலும் கிடப்பவற்றில் பழையதிலிருந்து தொடங்குங்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை யாராவது பக்கத்தில் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். ஊர், நாள், பெயர், சொன்னவர் என்ற நான்கையும் எழுதுங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள். ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.