சாரலிற் பிறந்த தேரை

தன்சானியாவின் உட்சுங்வா மலைத்தொடரிலே கிகான்சி ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றினுள் அருவியாய் வீழ்கின்றது. அவ்வருவியின் சாரல் இடையறாது நனைத்துவந்த ஏறத்தாழ 2 ஹெக்டயர் நிலமே ஓர் உயிரினத்தின் முழு உலகமாய் இருந்தது. அவ்வுயிர் ஒரு பொன்னிறத் தேரை. அவ்வினத்திற் பெண்கூட 3 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்வதில்லை. பெரும்பாலான தேரைகள் நீரில் முட்டையிட, இதன் குஞ்சுகளோ வாற்பேய்ப் பருவத்தைத் தாயின் வயிற்றினுள்ளேயே கழித்து, முழுவுருப் பெற்றுப் பிறக்கின்றன.

1996ஆம் ஆண்டிலேதான் ஆய்வாளர் இதனை முதன்முதலாகக் கண்டனர். அதற்கு முன்னரே அருவியின் மேற்புறத்தில் நீர்மின் திட்ட வேலைகள் தொடங்கிவிட்டன. 180 மெகாவாற்று மின்சாரம் தரவல்ல அத்திட்டம் 2000ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கியபோது, ஆற்றுநீரிற் பத்தில் ஒன்பது பங்கு திசைமாறிச் சென்றது. அருவி மெலிந்தது, சாரல் நின்றது. வறிய நாடொன்று தன் மக்களுக்கு ஒளி வேண்டியதைக் குற்றமென்பார் யார்? ஆயினும், நீரை அளந்தவர்களின் கணக்கேட்டிற் சாரலுக்கு ஒரு வரியேனும் இருக்கவில்லை.

பின்னர் குழாய்கள் பூட்டிச் செயற்கைச் சாரல் தூவினர். தேரைகள் மீண்டும் பெருகின. ஆனால் 2003ஆம் ஆண்டில் பங்கசு நோயொன்று அங்கே காணப்பட்டது. அவ்வாண்டிலேயே அவற்றின் தொகை சடுதியாகச் சரிந்தது. 2009இல், இயற்கைச் சூழலில் இவ்வினம் அற்றுப்போயிற்று என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

எனினும் இனம் முற்றாய் மடியவில்லை. 2000ஆம் ஆண்டின் இறுதியில் 499 தேரைகள் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இறந்தபோதிலும், நியூயோர்க்கிலும் ரொலிடோவிலும் உள்ள விலங்குக் காட்சிச்சாலைகளில் எஞ்சியவை பல்கின. 2010இல் அவற்றின் வழிவந்தவை தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பின. 2012இல் பள்ளத்தாக்கில் மீண்டும் விடப்பட்டன.

கல்லினுள் வாழும் தேரைக்கும் படியளப்பவன் இறைவன் என்பது நம்மவரிடையே வழங்கும் நம்பிக்கை. கிகான்சியில் அப்பொறுப்பை மனிதன் தன் கையில் எடுத்துக்கொண்டான். ஆறு கேளாமலே வழங்கியதைக் குழாய்கள் வழங்க வேண்டியதாயிற்று. ஆற்றுக்கு நினைவூட்டுவார் எவரும் வேண்டியிருக்கவில்லை. குழாய்க்கோ, அதன் வாயை நாள்தோறும் பார்த்துத் துடைக்க ஒருவர் வேண்டும்.