மாமாவின் லாரியும் மஞ்சள் விளக்கும்

சாஃப்ட்வேர்காரனுக்கு லாரியைப் பத்தி என்னடா தெரியும்னு யாரும் சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஆனா எங்க தாய்மாமா முப்பது வருஷத்துக்கு மேல லாரி ஓட்டறவர். விழுப்புரம்தான் ஊர். ஸ்கூல் லீவுல அவர் கேபின்ல எஞ்சின் மூடி மேல துண்டை நாலா மடிச்சுப் போட்டு உக்காந்து திருச்சி வரைக்கும் போயிருக்கேன் (உக்காந்த இடம் வெந்து போகும், அது தனிக் கதை). அந்த உரிமையில இந்தப் பதிவு.

அந்தக் காலத்து லாரி டேஷ்போர்டுல என்ன இருந்துச்சு? வேகத்துக்கு ஒரு முள், ஏருக்கு ஒரு முள், டீசலுக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு. விளக்குன்னு பாத்தா ஆயில், பேட்டரி, ஹை பீம், இண்டிகேட்டர். டீசல் முள் எப்பவும் பாதியிலேயே நிக்கும். மாமா எதையும் பாக்க மாட்டார். எல்லாம் காதுதான். "நாசில் ஒண்ணு சரியில்ல"ன்னு ஓட்டிக்கிட்டே சொல்வார். கழட்டிப் பாத்தா அவர் சொன்னதுதான் இருக்கும்.

2020 ஏப்ரல் 1லேருந்து நம்ம நாட்டுல புதுசா விக்கிற வண்டி எல்லாம் பிஎஸ் 6. மாமாவோட ஓனரும் ரெண்டு வருஷம் முன்னாடி புது பன்னெண்டு வீல் வண்டி ஒண்ணு எடுத்தார். சாவியத் திருப்பினா மயிலம் பங்குனி உத்திரத்துக்கு சீரியல் செட் போட்ட மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு எரிஞ்சு அணையுது. முப்பது வருஷ சர்வீஸ் உள்ள ஆளு, புதுசா ஸ்கூல்ல சேத்த புள்ள மாதிரி முழிச்சார். "வண்டி நல்லா இழுக்குது மாப்ள. ஆனா அது என்னமோ சொல்லிக்கிட்டே இருக்குது, எனக்குதான் விளங்கல"ன்னார்.

அவருக்கு விளங்காததுக்கு ஒரு நாள் விலையும் குடுத்தார்.

சென்னையில லோடு ஏத்திக்கிட்டு திருச்சி போற ட்ரிப். திண்டிவனம் தாண்டி ஒரு கடையோரம் நிறுத்தி, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கண் அசந்துட்டு திரும்பவும் ஸ்டார்ட் பண்ணியிருக்கார். எஞ்சின் ஒழுங்காத்தான் ஓடுது. ஆனா ஆக்சிலரேட்டரை எவ்வளவு அமுக்கினாலும் வேகம் 20ஐத் தாண்டல. கிளட்ச் போச்சா, டீசல் ஃபில்டர் அடைச்சிக்கிச்சான்னு பாத்துட்டு, என்.எச் 132ல ஓரமா உருட்டிக்கிட்டே கூட்டேரிப்பட்டு வந்து ஓரங்கட்டிட்டு எனக்குப் போன் அடிச்சார். நான் லீவுல விழுப்புரத்துல இருந்தேன். "நீ கம்ப்யூட்டர்தானே படிச்ச, இதுவும் கம்ப்யூட்டர்தான்னு சொல்றாங்க. வந்து பாரேன்."

பைக்கை எடுத்துக்கிட்டு விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிப் போனேன். டேஷ்போர்டுல சொட்டு சொட்டா ஒரு படம் மினுக்குது, பக்கத்துல எஞ்சின் படம் மஞ்சளா எரியுது. சீட்டுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் கவர் பிரிக்காம மேனுவல். முழுக்க இங்கிலீஷ். ரோட்டோரமா உக்காந்து ரெண்டு பேரும் படிச்சோம்.

சொட்டுப் படம் டெஃப். ஆட்ப்ளூன்னும் சொல்வாங்க, டிரைவருங்க பாஷையில வெறும் "யூரியா". நூத்துக்கு 32.5 பங்கு யூரியா, மீதி உப்பு நீக்கின சுத்தத் தண்ணி. இதை டீசல்ல கலக்கறதில்ல, தனி டேங்க், நீல மூடி. சைலென்சர் பக்கம் போற சூடான புகையில இதைப் பீச்சுவாங்க. சூட்டுல யூரியா அம்மோனியாவா மாறும், அந்த அம்மோனியா புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிச்சு வெறும் நைட்ரஜனாவும் தண்ணியாவும் மாத்திடும். எஞ்சின் ஓடறதுக்கு இது தேவையே இல்ல. ஊர்க் காத்து கெடாம இருக்கத்தான் தேவை. அப்ப டிரைவர் இதை ஊத்தாமலே ஓட்டிட்டா? அதுக்குத்தான் சட்டம் எஞ்சின் கம்ப்யூட்டர் கையில சாட்டையைக் குடுத்திருக்கு.

"டேங்க் ஃபுல்லா இருக்கே மாப்ள, அப்புறம் எதுக்குக் கத்துது?"ன்னார் மாமா. நியாயமான கேள்வி. முள்ளும் ஃபுல்லுதான் காட்டுச்சு. விசாரிச்சா, ஓசூர் ட்ரிப்ல ரோட்டோரக் கடை ஒண்ணுல மலிவா ஒரு கேன் வாங்கி ஊத்தியிருக்கார். அதுக்கப்புறம்தான் விளக்கு வந்திருக்கு. கேட்டதுக்கு ஆபீஸ்ல "ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது"ன்னுட்டாங்க. டேங்க்குக்குள்ள அளவு பாக்க ஒரு சென்சார், தரம் பாக்க இன்னொண்ணு. அளவு சரி, தரம் இல்ல. கேன்ல தண்ணி!

யூரோ 6 விதிகளை ஒட்டித்தான் நம்ம பிஎஸ் 6 விதியும். முதல்ல விளக்கு மட்டும். கண்டுக்கலன்னா எஞ்சினோட இழுவையில நூத்துக்கு 25 பங்கு குறையும். அதுக்கும் அசையலன்னா வேகம் 20 கிலோமீட்டர். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்தக் கடைசி தண்டனை ஓடிக்கிட்டிருக்கும்போது வராது. பின்னாடி பஸ் வரும்போது ஹைவே நடுவுல திடீர்னு 20க்கு இறங்கினா என்ன ஆகும்? அதனால வண்டியை அணைச்சுத் திரும்ப எடுக்கற வரைக்கும், இல்லன்னா எங்கயாவது நிறுத்தற வரைக்கும் காத்திருக்கும். சாப்பிட்டு வந்ததும் வண்டி ஆமையானது அதனாலதான். மாமாவுக்கு இதைச் சொன்னதும் கோபம் போய் சிரிப்பு வந்துடுச்சு. "நான் தூங்கட்டும்னு காத்துக்கிட்டிருந்துச்சா இந்தக் கழுதை!"

மெக்கானிக் வந்து டேங்கைக் காலி பண்ணி, நல்ல டெஃப் ஊத்தி, லேப்டாப் மாட்டி சரிபண்ணும்போது சாயங்காலம். திருச்சியில இறக்க வேண்டிய நேரம் போயிடுச்சு. அன்னைக்கு பேட்டா கிடையாதுன்னு ஓனர் சொல்லிட்டார். விளக்கு எரியுதுன்னு ஓசூர்லயே சொன்ன மனுஷனுக்கு பேட்டா கட்!

(அந்த யூரியாவையே ஏமாத்தற டப்பா மாட்டித் தர்றேன்னு சுத்தற ஆளுங்களும் இருக்காங்க. சட்டப்படி தப்பு, அதுவுமில்லாம அந்தப் புகையை விழுப்புரத்துல இருக்கிற நாமதான் குடிக்கணும். யூரியாவுல என்ன இருக்குன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: 2021ல சீனா யூரியா ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதும் தென்கொரியாவுல லாரிங்க நிக்கற நிலைமை வந்து, ஆஸ்திரேலியாவுலேருந்து ராணுவ விமானத்துல இந்தத் தண்ணியைக் கொண்டு வந்தாங்க.)

அதுக்கப்புறம் ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை மேனுவலோட உக்காந்தேன். விளக்கு எதைச் சொல்லுதுன்னு தேடறதை விட, எவ்வளவு நேரம் குடுக்குதுன்னு பாக்கறதுதான் முதல் வேலைன்னு தோணுச்சு. நேரத்தைச் சொல்றது நிறம். சிவப்புன்னா நேரமே இல்ல. மஞ்சள்னா கெடு குடுத்திருக்கு, ஆனா கெடு உண்டு. பச்சை, நீலம் எல்லாம் "இது இப்ப வேலை செய்யுது"ங்கிற சேதி மட்டும். எங்க பொழப்புல லாக் ஃபைல்ல எரர், வார்னிங், இன்ஃபோன்னு வர்ற அதே மூணு ஜாதி. வார்னிங்கை யாரும் படிக்கறதில்லங்கறதும் ரெண்டு இடத்துலயும் அதேதான் :-)

சிவப்புல ஆயில் கேன் வந்தா ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கணும், அடுத்த பங்க் வரைக்கும் போலாம்ங்கற பேச்சே கிடையாது. கிராங்கும் பேரிங்கும் ஒண்ணை ஒண்ணு தொடாம மிதக்கறதே அந்த ஆயில் படலத்துலதான். பேட்டரி படம் எரிஞ்சா பேட்டரி போச்சுன்னு அர்த்தமில்ல, சார்ஜ் ஏறலன்னு அர்த்தம். முதல்ல பெல்ட்டைப் பாக்கணும், ஏன்னா பல எஞ்சின்ல வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுத்துது. சூட்டு விளக்குக்கு ஒரே ஒரு வார்த்தை: ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்காதீங்க.

ஏர் விளக்குதான் கார் ஓட்டறவங்களுக்குப் புதுசு. லாரியில ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சிருக்கறது காத்து இல்ல, ஸ்பிரிங். காத்து போய் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளினாத்தான் பிரேக் விடும். அதாவது காத்து இல்லாத லாரி தானா நிக்கும். ரயிலுக்கு வெஸ்டிங்ஹவுஸ் 1872ல பண்ணின யோசனையும் இதே ஜாதிதான், குழாய் அறுந்தா பிரேக் பிடிக்கணும். அதனால பஸ்ஸர் கத்தும்போது "போற வழியில ஏறிக்கும்"னு கிளம்பறது பெரிய தப்பு. முள் ஏறி பஸ்ஸர் நிக்கற வரைக்கும் நிக்கணும். ஓடும்போது பஸ்ஸர் அடிச்சா எங்கயோ காத்து போகுது, ஸ்பிரிங் முடிவெடுக்கறதுக்கு முன்னாடி நாமளா ஓரம் போயிடணும்.

மஞ்சள்ல டெஃப் தவிர இன்னொண்ணு முக்கியம். புகைக் குழாய்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி கரித்தூளைப் பிடிச்சு வெச்சுக்குது. நிறைஞ்சா அதை எரிச்சுச் சாம்பலாக்கணும். ஹைவேல நல்ல வேகத்துல ஓடும்போது தானா நடக்கும். ஊருக்குள்ளயே நின்னு நின்னு ஓடற வண்டிக்கு நடக்காது, விளக்கு வரும். அப்ப நிறுத்தி வெச்சு எரிக்கற மாதிரி ஒரு ஸ்விட்ச் உண்டு. அந்த நேரம் வடிகட்டிக்குள்ள சூடு 600 டிகிரி பக்கம் போகும். செஞ்சி, மயிலம் பக்கம் ரோட்டுலயே கம்பும் உளுந்தும் காயப் போடறாங்க, ஓரமெல்லாம் வைக்கோல். அது மேல நிறுத்தி இந்த ஸ்விட்சை அமுக்கினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். இந்த மேனுவல்ல காஞ்ச புல்லுன்னு ஒரே வரிதான் இருக்கு. நம்ம ஊருக்கு அது பத்தாது.

எரியாத விளக்கையும் பாக்கணும். சாவியைத் திருப்பினதும் எச்சரிக்கை விளக்கு எல்லாம் ஒரு தடவை எரிஞ்சு காட்டணும். ஒண்ணு மட்டும் எரியலன்னா பல்பு போயிருக்கு, இல்லன்னா யாரோ ஒயரைப் புடுங்கியிருக்காங்க. பழைய வண்டி வாங்கறவங்க பெயிண்ட்டைத் தடவிப் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாக்கலாம்.

மெக்கானிக் லேப்டாப்ல வந்த நம்பரையும் குறிச்சுக்கிட்டு வந்தேன், பழக்க தோஷம். லாரிங்களுக்கு ஜே1939னு ஒரு பொது பாஷை. ஒவ்வொரு கோளாறுக்கும் ரெண்டு எண், முதல் எண் எதுன்னு சொல்லும், ரெண்டாவது என்ன ஆச்சுன்னு சொல்லும். 100ன்னா ஆயில் பிரஷர், 110ன்னா கூலன்ட் சூடு, 1761ன்னா டெஃப் டேங்க் அளவு. ரெண்டாவது எண் 1ன்னா ஆபத்தான அளவுக்குக் குறைவு, 0ன்னா ஆபத்தான அளவுக்கு அதிகம், 3 அல்லது 4ன்னா பெரும்பாலும் ஒயரிங் தகராறு. 100க்குப் பக்கத்துல 1 வந்தா எஞ்சினை அணைக்கணும், 4 வந்தா ஒயரைத் தேடணும். டேஷ்போர்டுல ரெண்டுக்கும் ஒரே படம் எரியலாம். இந்த வித்தியாசம் தெரிஞ்சா மெக்கானிக்கிட்ட போன்லயே பாதி வேலை முடியும்.

இதையெல்லாம் கேட்டுட்டு மாமா ஒண்ணு சொன்னார். "சரிடா, வீல் ஹப் சூடாவறதுக்கு விளக்கு இருக்கா? கயிறு தளர்ந்தா விளக்கு இருக்கா?" இந்த வண்டியில இல்ல. சென்சார் வெச்ச இடத்துல மட்டும்தான் அதுக்குக் கண்ணு. அதனால இன்னமும் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் கம்பியால டயரைத் தட்டிச் சத்தம் கேக்கறார், ஹப்ல கையை வெச்சுப் பாக்கறார். அவர் காதுக்கு இன்னும் ரிட்டயர்மென்ட் வரல.

லாரி லைசென்ஸுக்கு எட்டாவது படிச்சிருக்கணும்ங்கற விதியை 2019ல எடுத்துட்டாங்க. பொழப்பில்லாதவங்களுக்கு நல்லதுதான். ஆனா விளக்கோட விளக்கமெல்லாம் இங்கிலீஷ் மேனுவல்லயே கிடக்குது. அதனால நானே ஏ4 தாள்ல படம், நிறம், என்ன செய்யணும்னு தமிழ்ல அடிச்சு மாமாகிட்ட குடுத்தேன். பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பிச்சுட்டார். "உடனடியாக வாகனத்தை நிறுத்தவும்"ங்கறதை அடிச்சுட்டு "ஓரங்கட்டு"ன்னு எழுதினார். "அப்படியே நிறுத்தினா பின்னாடி வர்றவன் ஏறிடுவான்டா" என்றார். ஆயிலை ரெண்டாவதாத் தள்ளிட்டு ஏரை முதல் வரிக்குக் கொண்டு வந்தார், ஆயில் போனா எஞ்சின் போகும், ஏர் போனா ஆளு போகும்னு. மஞ்சள் விளக்குக்கெல்லாம் பக்கத்துல "எத்தினி நேரம் தாங்கும்"னு ஒரு கட்டம் கேட்டார். மேனுவல்ல இருந்ததுக்கு மட்டும் போட்டிருக்கேன், மத்ததுக்கு "போன் பண்ணு"ன்னு மெக்கானிக் நம்பர்.

லேமினேட் பண்ணி சன் வைசர்ல சொருகியிருக்கார். விளக்கு வந்தா இப்ப போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பறார், தேதி நேரத்தோட. பேட்டா கட் பண்ணினா காட்டறதுக்காம். முண்டியம்பாக்கத்துல கூட நிறுத்தற டிரைவர் ஒருத்தர் ரெண்டு காப்பி கேட்டிருக்கார். அவர் வண்டி வேற கம்பெனி, டிஸ்ப்ளேயும் ஸ்விட்சும் மாறுது. அவர்கிட்டயும் மேனுவல் கவர் பிரிக்காமத்தான் இருக்காம். இந்த ஞாயித்துக்கிழமை அதைப் பிரிக்கணும்.