கொர்ர்ர்ர்... சித்தப்பாவின் டிஎக்ஸ் 7

சிந்தசைசரை கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்றவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் புலம்புவாங்க. "சத்தம் கம்மியா இருக்கு, இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு." என்னமோ ஒரே வியாதி மாதிரி! அது நாலஞ்சு வியாதி சாமி. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. ஒண்ணுக்குப் போடற மருந்து இன்னொண்ணைக் கிளப்பி விட்டுடும்.

எங்க சித்தப்பா கும்பகோணம் பக்கம் லைட் மியூசிக் குழுவுல இருபது வருஷத்துக்கு மேல கீபோர்டு வாசிச்சவர். சிங்கப்பூர்ல இருந்து திரும்பி வந்த ஒருத்தர்கிட்ட 1988-ல செகண்ட் ஹேண்டா வாங்கின யமஹா டிஎக்ஸ் 7 இன்னமும் அவர்கிட்ட இருக்கு. 1983-ல வெளிவந்த மாடல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஜான் சௌனிங் கண்டுபிடிச்ச எஃப்எம் முறையில சத்தம் உண்டாக்கற பொட்டி. ஆறு ஆபரேட்டர், 32 அல்காரிதம், ரெண்டே வரி டிஸ்பிளே. திருகறதுக்கு ஒரு குமிழ் கிடையாது. கிட்டத்தட்ட எல்லாம் பட்டன்தான். அதுல புதுசா ஒரு சத்தம் செய்யறதுங்கறது சாவித் துவாரம் வழியா வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை. சித்தப்பா அப்படி உக்காந்து உக்காந்து 32 சத்தம் பண்ணி வச்சிருக்கார். நாகஸ்வரம் மாதிரி ஒண்ணு, கோயில் மணி மாதிரி ஒண்ணு, என்னன்னே பேர் வைக்க முடியாத சிலது.

அந்த 32-ம் உள்ள இருக்கற ஒரு காசு சைஸ் பேட்டரியோட தயவுல உயிரோட இருக்கு. மூணு வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 2.2 காட்டுச்சு. சித்தப்பாவுக்கு வயசு 71, கை நடுக்கம் வேற ஆரம்பிச்சிருக்கு. காலையில கொஞ்சம் கம்மி, சாயங்காலம் ஆனா காபி டம்ளரே ஆடுது. அவர் பையன் நல்ல எண்ணத்துல, "அப்பா வாசிக்கிறதை ரெக்கார்ட் பண்ணி வச்சிடலாம்"னு ஒரு சின்ன ஆடியோ இண்டர்ஃபேஸ் வாங்கிட்டு வந்தான். வாசிச்சதைப் போட்டுக் கேட்டா தூரத்துல எங்கயோ கொசு பாடற மாதிரி கீபோர்டு, அதுக்கு முன்னாடி மாவு மெஷின் மாதிரி கொர்ர்ர்ர். சித்தப்பா சிரிச்சுக்கிட்டே, "விடுறா தம்பி, அதுக்கும் என்னை மாதிரி வயசாயிடுச்சு"ன்னு துணியைப் போட்டு மூடிட்டாராம். இதைக் கேட்டதும் எனக்கு மனசே சரியில்ல. அடுத்த சனிக்கிழமை காலைல பஸ் ஏறிட்டேன்.

போனதும் முதல் வேலை ரெக்கார்டிங் இல்லீங்க. மிடி கேபிள் போட்டு அந்த 32 சத்தத்தோட டேட்டாவையும் கம்ப்யூட்டருக்கு இறக்கினேன். மொத்தமே 4104 பைட். வாட்ஸ்அப்ல வர்ற குட்மார்னிங் படத்துல கால் பங்குகூட இருக்காது, ஒரு மனுஷனோட இருபது வருஷம்! (இந்த மாடல்ல சிஸ்டம் இன்ஃபோவை 'அவெய்ல்'னு மாத்தினாத்தான் டேட்டாவை அனுப்பும். திரும்ப ஏத்தறப்ப மெமரி ப்ரொடெக்டை ஆஃப் பண்ணணும்.) பேட்டரியை சோல்டர் பண்ணி வச்சிருப்பாங்க, கழட்டினா உள்ள இருக்கறது போயிடும். அதனால டேட்டாவை எடுத்து வைக்காம அதுல கை வைக்கவே கூடாது.

அப்புறம்தான் கேபிளைப் பார்த்தேன். தம்பி கீபோர்டோட ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து ஸ்டீரியோ கேபிள் எடுத்து இண்டர்ஃபேஸ்ல சொருகியிருந்தான். இங்கதான் கூத்து. அந்த மாதிரி கேபிள் வந்தா இண்டர்ஃபேஸ் அதை பேலன்ஸ்டு லைன்னு நினைச்சுக்கும். பேலன்ஸ்டுன்னா ரெண்டு கம்பியிலயும் ஒரே சிக்னல் தலைகீழா வரும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சா, வழியில ரெண்டு கம்பியிலயும் ஒட்டிக்கிட்ட இரைச்சல் அடிபட்டுப் போகும், பாட்டு தங்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனா ஹெட்ஃபோன்ல இடது கம்பி, வலது கம்பி ரெண்டுலயும் அதே சத்தம், அதே திசை. டிஎக்ஸ் 7 மோனோ பொட்டி வேற. கழிச்சா என்ன மிஞ்சும்? பூஜ்யம்! வாசிச்சது அத்தனையும் அடிபட்டுப் போயி, கொஞ்சூண்டு கசிவு மட்டும்தான் உள்ள வருது. அதைக் கேக்க வைக்க தம்பி கெயினைக் கடைசி வரைக்கும் திருகியிருக்கான். இருந்த இரைச்சல் எல்லாம் எழுந்து ஆட ஆரம்பிச்சிடுச்சு.

"லைன் அவுட்டு இருக்கேடா?"ன்னு கேட்டேன். அது கரகரங்குதுன்னான். முப்பது வருஷமா கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமா சொருகி இழுத்த ஜாக், கரகரக்காம என்ன செய்யும்? காண்டாக்ட் க்ளீனர் அடிச்சு, பத்து தடவை சொருகி எடுத்ததுல சரியாச்சு. சாதாரண மோனோ கேபிள், இண்டர்ஃபேஸ்ல இன்ஸ்ட்ருமெண்ட் சுவிட்ச் ஆஃப் (அது கிடாருக்கு), கீபோர்டு வால்யூம் கிட்டத்தட்ட முழுசு, கெயின் கால்வாசி. வால்யூமை மூலத்துல ஏத்தணும், பின்னாடி ஏத்தினா வழியில சேர்ந்த குப்பையும் சேர்ந்தே ஏறும். 24 பிட்ல ரெக்கார்ட் பண்றப்ப உச்சம் மைனஸ் 12 டெசிபல் தொட்டாலே தாராளம். சிவப்பு விளக்கு எரியற வரைக்கும் ஏத்தினாத்தான் நல்லா வரும்ங்கறது கேசட் காலத்துப் பழக்கம்.

சத்தம் கணீர்னு வந்துடுச்சு. ஆனா கொர்ர்ர் கொஞ்சம் பாக்கி.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். நின்னுடுச்சு. சொருகினேன், வந்துடுச்சு. கீபோர்டுக்கு ஹால் பிளக்ல எர்த், லேப்டாப்புக்கு பக்கத்து ரூம் பிளக்ல எர்த், நடுவுல ஆடியோ கேபிளும் யுஎஸ்பியும் பாலம். ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருக்கற சின்ன வித்தியாசம் அந்தப் பாலத்து வழியா ஓடும். நம்ம ஊரு கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், அதோட மடங்குகள் 100, 150... அதுதான் அந்த கொர்ர்ர். இடையில கரண்ட்டு போயி வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறினப்ப அது கொர்ர்ர்ல இருந்து ஜ்ர்ர்ர்ராவே மாறிடுச்சு, சதுர அலை இன்வெர்ட்டர். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகினதுல பாதி குறைஞ்சது. மீதிக்கு நடுவுல ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். சிக்னல் காந்தம் வழியா தாண்டும், கம்பி தொடர்பு அறுந்துடும். நிசப்தம்!

மேடைக்காரங்க சில பேர் இதுக்கு ஒரு குறுக்கு வழி வச்சிருப்பாங்க, எர்த் பின்னை ஒடைச்சு விடறது. சத்தம் நிக்கும், சரி. என்னைக்காவது உள்ள ஒரு வயர் பாடியில பட்டா பாடறவன் உதட்டுல மைக் வழியா ஷாக். தயவு செஞ்சு வேணாம் மக்களே. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கக் காசு இல்லைன்னா லேப்டாப் பேட்டரியில ஓட்டுங்க.

இவ்வளவுக்கும் அப்புறம் காதைக் கிட்ட வச்சுக் கேட்டா மெலிசா ஒரு உஸ்ஸ் இருக்கு. அது அந்தக் காலத்து 12 பிட் கன்வெர்ட்டரோட மூச்சு. சாஃப்ட்வேர்ல நீக்கிடலாம்னு தம்பி சொன்னான், போட்டும் காமிச்சான். நாகஸ்வர சத்தம் அடங்கற இடத்துல வாலை வெட்டின மாதிரி ஆயிடுச்சு. எனக்குப் பிடிக்கல. அப்படியே விட்டுட்டோம்.

ஞாயித்துக்கிழமை காலையில சித்தப்பா ஏழு சத்தம் வாசிச்சார். கை நடுங்கின இடத்துல நிறுத்தி, வெந்நீர் குடிச்சிட்டு மறுபடி வாசிச்சார். ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு முழுசாக் கேட்டவர், "இந்த உஸ்ஸு அப்பவே உண்டுடா. ஜெனரேட்டர் சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு?"ன்னார். அப்புறம் பையனைப் பார்த்து, துணியை எங்க வச்சேன்னு கேட்டார். மூடறதுக்கு இல்லை, தூசி தட்டறதுக்கு. அடுத்த வாரமும் காலைல ஆறரைக்கெல்லாம் வந்துடணும்னு உத்தரவு. இன்னும் 25 பாக்கி.