தம்பியின் காருக்குப் புதுச் சில்லு

காருக்குச் சில்லு மாற்றிய கதையை ஒரு பெண்கள் சஞ்சிகையில் எழுதுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் தயங்கினேன். ஆனால் அந்தச் சில்லினால் பாதிக்கப்பட்டவர் ஒரு பெண். அதைப் பற்றிக் கேட்டுப் படிக்கவேண்டி வந்ததும் ஒரு பெண்ணுக்குத்தான். ஆகவே எழுதுகிறேன்.

என் தம்பி கட்டாரில் நான்கு வருடம் உழைத்துவிட்டு வந்து ஒரு சுசுகி ஸ்விப்ட் கார் வாங்கினான். யப்பானில் ஓடிப் பழகிய பழைய கார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலையெல்லாம் ஏறிப்போயிருந்தபடியால், அவன் சேமிப்பின் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. சின்னக் கார்தான், ஆனாலும் துடிப்பானது. வளைவுகளில் உடலைச் சாய்க்காமல் திரும்பும். எண்ணெய்ச் செலவில் பாதியை நான் கொடுப்பதென்றும், கிழமையில் இரண்டு நாள் களப்பணிக்கு நானே ஓட்டிச் செல்வதென்றும் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் வேலையால் வந்தபோது வாசலில் கார் வேறு தோற்றத்தில் நின்றது. முன்பிருந்த 15 அங்குலச் சில்லுகளைக் கழற்றிவிட்டு, மினுங்கும் 17 அங்குல அலோய் சில்லுகளைப் பூட்டியிருந்தான். ரயர் ஒரு கறுப்புப் பட்டிபோல மெல்லியதாகத் தெரிந்தது.

"அக்கா, எப்பிடி இருக்கு?"

"வடிவாத்தான் இருக்கு. எவ்வளவு முடிஞ்சுது?"

அவன் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா தலையில் கைவைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறர் பார்ப்பதற்காகவே மனிதர் செய்யும் செலவைப் பற்றித் தோர்ஸ்டீன் வெப்லன் 1899 இல் எழுதியதைச் சமூகவியல் பாடத்தில் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். வேறொருவர் செய்திருந்தால் அந்தக் கோட்பாட்டை அப்படியே பொருத்திப் பார்த்திருப்பேன். தம்பியிடம் பொருத்த மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

2009 ஜனவரியில் தருமபுரத்திலிருந்து விசுவமடுப் பக்கமாக நாங்கள் நடந்தபோது அப்பாவின் சைக்கிள்தான் எங்கள் வண்டி. அரிசி மூட்டை, பானை சட்டி, அம்மாவின் தையல் மெசின் எல்லாம் அதில்தான். பின் ரயர் வெடித்த இடத்தில் பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்து அப்பா சமாளித்துக்கொண்டு வந்தார். பிறகு ரியூப்பும் கிழிந்தது. அதற்குள் பழந்துணியை அடைத்து உருட்டினோம். கடைசியில் வெறும் றிம்மே தாரில் உரசியது. தையல் மெசினோடு சைக்கிளையும் ஒரு வேலியோரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். வீட்டை விட்டு வந்தபோது அழாத தம்பி, அந்தச் சைக்கிளை விட்டு வந்தபோது அழுதான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா அந்த வருடத்தைத் தாண்டவில்லை.

அப்படிப்பட்டவன் தன் உழைப்பில் நான்கு நல்ல சில்லு வாங்கினால் நான் என்னவென்று சொல்வது?

பிறகு அந்த நாள் வந்தது. ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக உள்ள ஒரு கிராமத்தில் இரண்டு பிள்ளைகளுடன் தனித்து வாழும் ஒரு சகோதரிக்கு, முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றில் தாபரிப்பு வழக்கு. பிள்ளைகளின் செலவுக்குப் பணம் தராத கணவர் அன்று வருவார் என்று சொல்லப்பட்டிருந்தது. பஸ் நேரம் சரிவராததால் நான் காரில் கூட்டிச்செல்வதாகச் சொல்லியிருந்தேன். அவர் விடியவே முழுகி, கோவைக்குள் கடதாசிகளை ஒழுங்காக அடுக்கிவைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

கிறவல் வீதியில் மெதுவாகத்தான் ஓட்டினேன். ஒரு மதகின் அருகே கிடங்கொன்றில் முன் சில்லு இறங்கியது. "டக்" என்றொரு சத்தம். அடுத்த கணமே காற்றுப் போய்விட்டது. இறங்கிப் பார்த்தால் ரயரின் பக்கச்சுவர் வெட்டுப்பட்டிருந்தது. றிம்மின் விளிம்பும் வளைந்திருந்தது.

மாற்றுச் சில்லு பின்னால் இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, எனக்குச் சில்லு மாற்றவும் தெரியும். ஆனால் காருடன் வந்த சாவி நட்டில் பிடிக்கவில்லை. புதுச் சில்லின் துளைகள் ஒடுக்கமானவை என்பதால், அவற்றுக்கென்று மெல்லிய நட்டுகள் போட்டிருந்தார்கள். அவற்றைத் திறக்கத் தனியான ஒரு சாவி வேண்டும். தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். அது கிளிநொச்சியில் வீட்டு லாச்சிக்குள் இருந்தது.

உழவு இயந்திரமொன்றை மறித்து அந்தச் சகோதரியைப் பிரதான வீதிவரை அனுப்பினேன். அவர் நீதிமன்றம் போய்ச் சேர்ந்தபோது வழக்குக் கூப்பிட்டு முடிந்திருந்தது. கணவர் வந்துவிட்டுப் போயிருந்தார். சட்டத்தரணி வேறு தவணை கேட்டதில், ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு திகதி கிடைத்தது. எங்களுக்கு அது ஆறு கிழமை. அவருக்கோ ஆறு கிழமைக்கான பால்மா, கொப்பி, பஸ் காசு.

"உங்கட காரில வந்தா நேரத்துக்குப் போகலாம் எண்டு நம்பினன் அக்கா" என்று மாத்திரம் சொன்னார். கோபமில்லாமல் சொன்னதால்தான் அது இன்னும் வலித்தது.

மோட்டார் சைக்கிளில் சாவியுடன் வந்த தம்பி, நடந்ததைக் கேட்டபின் ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரு ரயர்க் கடைக்குப் போனோம். கடைப் பையன் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தம்பியின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னான். அங்கிருந்த வயதான ஐயா ஒருவர்தான் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, இதில எழுதியிருக்கிறதை வாசியுங்கோ" என்று எங்கள் பழைய ரயரைக் காட்டினார்.

185/60ஆர்15 என்றிருந்தது. 185 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 வீதம், அதாவது 111 மில்லிமீற்றர். 15 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். தம்பி வாங்கிய ரயரிலோ 205/40ஆர்17 என்றிருந்தது. கணக்குப் பார்த்தால் பக்கச்சுவர் வெறும் 82 மில்லிமீற்றர்தான். முழுச் சில்லின் உயரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று, 603 உம் 596 உம். றிம் பெருத்த அளவுக்கு ரப்பரும் காற்றும் குறைந்துவிட்டன. கிடங்கில் விழும்போது அடியைத் தாங்குவது அந்த ரப்பரும் காற்றும்தான். அவை போதாவிட்டால் றிம்மே அடியை வாங்குகிறது.

"கொங்கிறீற் மாதிரி நேரான றோட்டில உது நல்லாத்தான் ஓடும், வளைவில இறுக்கமா நிற்கும். உங்கட றோட்டுக்கு உது சரிவராது" என்றார் ஐயா. பெரிய சில்லு பெரும்பாலும் பாரம் கூடியதென்பதால், கார் இழுத்து எழும்பும் வேகமும் குறையும் என்றார். வேகத்துக்கென்று வாங்கியது வேகத்தையே குறைப்பதைக் கேட்டுத் தம்பி முதன்முறையாகச் சிரித்தான்.

இன்னும் சில விடயங்களையும் அவர் சொல்லித்தந்தார். இந்தக் காரின் சில்லில் நான்கு நட்டுகள் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கின்றன. நடுத்துளை 54.1 மில்லிமீற்றர். வெளியில் வாங்கும் சில்லின் நடுத்துளை பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்ப வளையம் போடவேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது அதிர்வு வரலாம். ரயரில் எழுதியுள்ள 84 என்ற இலக்கம், ஒரு ரயர் 500 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. அதைவிடக் குறைந்த இலக்கம் வாங்கக்கூடாது.

தம்பி அந்த 17 அங்குலச் சில்லுகளை நட்டத்துக்கு விற்றான். பழைய 15 அங்குலச் சில்லுகளைத் துப்புரவாக்கி வர்ணம் பூசி, அவற்றுக்கு நான்கு நல்ல புது ரயர் போட்டான். நேரொழுங்கும் பார்த்தான். கார் முன்பைவிட நன்றாகப் பிறேக் பிடித்தது, நன்றாகத் திரும்பியது. பழைய ரயர்கள் காய்ந்து வெடித்துப்போயிருந்ததை அப்போதுதான் உணர்ந்தோம். காருக்கு வேண்டியிருந்தது பெரிய சில்லல்ல, நல்ல ரயர்தான்.

ஆறு கிழமை கழித்து அந்தச் சகோதரியைத் தம்பியே நீதிமன்றம் கூட்டிச்சென்றான். ஒரு மணித்தியாலம் முந்தியே போய் நின்றார்கள். அன்று மாதாந்தத் தாபரிப்புக்கு இடைக்காலக் கட்டளை கிடைத்தது. திரும்பி வரும்போது அவர் பிள்ளைகளுக்கு மாம்பழம் வாங்கினாராம். தம்பிக்கும் இரண்டு கொடுத்திருந்தார்.

சகோதரிகளே, எங்களில் பலரிடம் கார் இல்லை. ஆனால் ஸ்கூட்டியோ மோட்டார் சைக்கிளோ இருக்கிறது. பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் பாடசாலைக்கும் வேலைக்கும் போகிறோம். அதன் ரயரை நாங்களே பார்க்கப் பழகுவோம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்த ரயர். "புதுசு" என்று விற்கப்படுவது உண்மையில் எத்தனை வருடம் கிடந்தது என்பதை அது சொல்லிவிடும். காற்றை ஓடமுதல், ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது வாகனத்தில் ஒட்டியிருக்கும், அல்லது அதன் கைநூலில் இருக்கும். காரில் சில்லு கழற்றிப் பூட்டினால், ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். மாற்றுச் சில்லின் காற்றையும் மறக்கவேண்டாம். நட்டின் சாவி வீட்டு லாச்சிக்குள் அல்ல, வண்டிக்குள்தான் இருக்கவேண்டும்.

கடையில் உங்களைப் பாராமல் வேறொருவரைப் பார்த்துப் பதில் சொன்னால், அதே கேள்வியைத் திரும்பவும் கேளுங்கள். பணம் எங்களுடையது, ஏறிப்போகிற உயிரும் எங்களுடையது.

தம்பி இன்னும் அந்தக் காரை ஞாயிறு தோறும் கழுவுகிறான். சில்லுகளை மாத்திரம் தனியாக, குந்தியிருந்து, நீண்ட நேரம் துடைப்பான். அம்மா இப்போது அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.